முன்பக்கம் தூக்கிய வண்டி

1

ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் பிக்கப்பை மோட்டார் ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஹாரன் கத்துகிறதா என்று பார்த்து முத்திரை குத்திக் கொடுப்பார்கள். முன்பு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு மலாய்க்கார இளைஞர் இருக்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளை. போன வாரம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முன்பக்கம் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது, யார் தூக்கினார்கள், எதற்குத் தூக்கினார்கள் என்று மலாயில் கேட்டார்.

என்னுடைய மலாய் கடைத்தெருவில் கற்றுக்கொண்டது. மீன் விலையைக் குறைக்க அது போதும், வாழ்க்கையை விளக்கப் போதாது. மூன்று கேள்விக்கும் சேர்த்து "சுடா லாமா" என்று ஒரே பதிலாகச் சொன்னேன். ரொம்ப நாளாகிவிட்டது என்று பொருள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தால் தெருவெல்லாம் கொடி. ஆகஸ்டு மாதம் வந்தால் மலாக்காவில் விளக்குக் கம்பம் ஒன்று பாக்கியில்லாமல் கொடி கட்டிவிடுவார்கள். அந்த இளைஞரிடம் சொல்ல முடியாத பதிலை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. நாங்கள் இருக்கும் காஜா பெராங்கில் நம்ம ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி லாரி ஓட்டுகிறாளாம் என்று அங்கே பேசிக்கொள்வதாகவும் கேள்வி. லாரி இல்லை, பிக்கப்தான். மற்றபடி செய்தி உண்மை.

2

எங்களுக்கு மசாலா அரைக்கும் மில் இருக்கிறது. மில் என்றதும் புகைபோக்கி, சங்கு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஒரு மோட்டார், இரண்டு அரைக்கும் இயந்திரங்கள். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்து மூட்டை கட்டி டவுன் கடைகளுக்கும் தோட்டத்துக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறோம். அந்தக் கொட்டகையில் நுழைந்து வெளியே வருகிற எவருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். தும்மலும் கண்ணீருமாக ஒரு குடும்பம் பிழைக்கிறது என்று என் வீட்டுக்காரர் ராமையா வேடிக்கையாகச் சொல்வார்.

மூட்டை கொண்டுபோகத்தான் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தட்டு. இந்த வகை வண்டி சும்மா நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி நிற்கும். அது கோளாறு இல்லை. சுமை ஏற்றினால் பின்பக்கம் அமிழ்ந்து சமமாகட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். சக்கரத்துக்கு மேல் இரும்புப் பட்டைகளை அடுக்கி வில் மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்த ஸ்பிரிங் பட்டைதான். எங்கள் வண்டியில் முன்பக்கத்துப் பட்டைகள் பழசாகித் தளர்ந்துவிட்டதால் குனிவு கொஞ்சம் அதிகம். அதனால் ஒரு சுகமும் இருந்தது. மேடு பள்ளத்தில் தூக்கிப் போடாது, தொட்டில் மாதிரி ஆட்டும். என் மகள் சரோஜா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த முன்சீட்டில் என் மடியில்தான் தூங்குவாள்.

என் வீட்டுக்காரர் ஓட்டுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். பதற்றமே கிடையாது. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகிற வழியில் பழைய ரயில் பாதை குறுக்கே போன இடம் ஒன்று உண்டு. தண்டவாளத்தை யுத்த காலத்தில் ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான், மேடு மட்டும் மிச்சம். அதில் ஏறி இறங்கும்போது வண்டி இரண்டு தடவை ஆடும். "இனி நேர்ரோடு" என்பார். பலகைப் பாலம் கடகடக்கும்போது "வளைவு வருது, பிடிச்சுக்கோ" என்பார். சொன்ன இடத்தில் வளைவு வரும். வருஷக்கணக்காக ஓட்டிய கை, இதில் ஆச்சரியம் என்ன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடலோரத்து உஜோங் பாசிரில் புதிதாகக் கடை வைத்த ஒருவர், வாரம் தவறாமல் தூள் வேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார். நல்ல வியாபாரம். என் வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார். "கடல் காத்துல தூள் நமத்துப் போயிடும். அப்பறம் நம்மள ஏசுவானுங்க" என்றார். கடலோரத்தில் இருப்பவர்கள் குழம்பு வைப்பதில்லையா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

3

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு, 1957. எல்லா இனத்தாரும் ஊர்வலத்தில் அலங்கார வண்டி கொண்டுவர வேண்டும் என்று முடிவாகியிருந்தது. எங்கள் சங்கத்துச் செயலாளர் கண்ணுசாமி வீட்டுக்கு வந்தார். பேசுவதில் மன்னர், காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார்.

"சீனர்ங்க பெரிய டிரம் கொண்டு வர்றாங்களாம். மலாய்க்காரவங்க படகு செய்றாங்க. நாம குத்துவிளக்கு கொண்டு போறோம் அண்ணே. ஆள் உயரத்துல. அஞ்சு முகமும் எரியணும். ஒங்க பிக்கப்பு வேணும்" என்றார்.

ஆள் உயர விளக்கு சங்கத்தில் யாரிடமும் இல்லை. பக்கத்துத் தெரு பீபி லெட்சுமியிடம்தான் இருந்தது. பீபி என்றால் அவர்களில் மூத்த பெண்ணுக்கு மரியாதைச் சொல். அவர்கள் சிட்டிகள், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, அம்மனை மலாயில் வேண்டிக்கொள்வார்கள். பீபி விளக்கைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஏற்றிய விளக்கு வழியில் அணையக்கூடாது. அணைந்தால் விளக்கு தம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வரக்கூடாது என்றார்.

வெள்ளோட்டமாக ஒருநாள் விளக்கைத் தட்டின்மேல் நிறுத்தி, காற்றுக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சட்டம் வைத்து, எண்ணெய் ஊற்றி ஏற்றினார்கள். வண்டிதான் குனிந்து நிற்கிறதே. எண்ணெய் முழுக்க முன்முகத்துக்கு ஓடிவந்து வழிந்தது. முன்திரி மூழ்கிப் புகைந்தது, பின்திரிகள் இரண்டும் காய்ந்து கருகின. கண்ணுசாமி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அவர் பென்சிலை எடுத்தால் யாருக்காவது வேலை வரும்.

"விளக்குக்கு அடியில ஆப்பு வைக்கலாம்" என்றேன்.

"பீடத்துக்கு ஆப்பு வச்ச விளக்கா சுதந்திரத்துக்கு? நல்லாவா இருக்கும் அண்ணி? வண்டியவே சமம் பண்ணிடுவோம்" என்றார்.

வண்டியை ஆ செங் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஆ செங் சீனர், என் வயதிருக்கும். என்ன சொன்னாலும் "போலே" என்பார். முடியும் என்று அர்த்தம். முன்பக்கத்தைத் தூக்க முடியுமா என்றால் போலே. நாளைக்குள் முடியுமா என்றால் அதற்கும் போலே. பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய தடித்த பட்டையை எங்கள் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினார். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வேறு கொடுத்தார். கண்ணுசாமி தட்டின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, நாலு விளிம்பிலும் தண்ணீர் சமமாக நிற்கும் வரை விடவில்லை. நாலு விரற்கடை ஏறியது முன்பக்கம்.

சரோஜாவைப் பட்டுப்பாவாடை கட்டி விளக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று அவள் அப்பாவுக்கு ஆசை. சரோஜாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் பள்ளிக்கூட அணியில் வெள்ளைச் சட்டையோடு நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

"அங்க மேல நிக்க எனக்கு மாலுப்பா. ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் பார்ப்பாங்க" என்றாள். மாலு என்றால் வெட்கம்.

"நம்ம விளக்குப் பக்கத்துல நிக்க வெக்கமா?" என்று கேட்டார். அவள் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள். எனக்கு அவள் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது. அவள் பிறந்தது இந்த ஊரில், அவள் நாட்டுக்குத்தானே கொடி ஏறுகிறது.

4

ஊர்வலத்தன்று என்ன தவறு நடந்தது என்று சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் பக்கத்தில் பார வண்டி ஓட்டுகிற எவருக்கும் முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். மூட்டைகளை ஏற்றிய பிறகுதான் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்து, இரண்டு மூட்டையை முன்னே தள்ளிச் சமம் செய்வார்கள். காலி வண்டியைச் சமம் பார்க்கிற ஆள் எங்கேயும் கிடையாது. கண்ணுசாமியின் அப்பாவும் வண்டிக்காரர்தான். கப்பல் ஏறி வந்ததில் அந்த அறிவைக் கரையிலேயே விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

சங்கத்துப் பெரியவர்கள் மாலையோடு வந்து ஒவ்வொருவராகத் தட்டில் ஏறினார்கள். எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். பொருளாளர் ஏறியதும் வண்டி முனகியது. பின்பக்கம் அமிழ்ந்தது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, எண்ணெய் இப்போது பின்முகத்துக்கு ஓடியது. கண்ணுசாமி பதறிப்போய், "கொஞ்சம் எறங்குங்க, கொஞ்சம் எறங்குங்க" என்று ஒவ்வொருவரையும் கும்பிட்டார். யார் இறங்குவது என்பதில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. தலைவர் இறங்கமாட்டார், தலைவர் நிற்க உபதலைவர் இறங்குவது அவமானம். கடைசியில் பொருளாளர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

நான் எண்ணெய்ப் பாத்திரத்தோடு முன்சீட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் குள்ளம். முன்பெல்லாம் சாலை முழுதும் எனக்குத் தெரியும். அன்று எதிரே மூடிய என்ஜின் பெட்டியும் அதற்கு மேலே ஆகாயமும்தான் தெரிந்தன. எங்களுக்கு முன்னால் சீனர்களின் டிரம், உருளைவண்டியில், ஆளைவிட உயரம், இரத்தச் சிவப்பு. அதன் மேல்பாதி எனக்கே நன்றாகத் தெரிந்தது.

திடல் முனையில் ஊர்வலம் நின்றது. டிரம் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. மெதுவாகத்தான் போனோம், ஆனால் போய்க்கொண்டே இருந்தோம். கிட்டக் கொண்டுபோய் நிறுத்துவார் என்று நான் பேசாமல் இருந்தேன். டிரம்மின் தோல் டம்மென்று கிழிந்த பிறகுதான் பிரேக் போட்டார். அடித்துக்கொண்டிருந்தவர் ஒரு பக்கம் குதித்தார். பின்னால் தலைவரும் உபதலைவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கண்ணுசாமி விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டதில் பட்டு ஜிப்பாவெல்லாம் எண்ணெய். விளக்கில் மூன்று முகம் அணையவில்லை. பிறகு பீபி லெட்சுமி அதை எண்ணிப் பார்த்துவிட்டு, விளக்கை வீட்டுக்குள் விட்டார்.

யாருக்கும் அடியில்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கண்ணுசாமிதான் பாவம், இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தப்புண்ணே. முன்பக்கத்தத் தூக்கி ஒங்களுக்கு ரோட்ட மறைச்சுட்டோம்."

"ஆமா. ஒன்னும் தெரியல" என்றார் இவர்.

என்னைவிட ஒரு முழம் உயரமானவர் அவர். என் கண்ணுக்குத் தெரிந்த சிவப்பு அவர் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

5

மறுபடி மில் ஓடத் தொடங்கியதும், இவர் சுமையோடு பத்து பெரெண்டாம் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். ஆ செங் பட்டறையில் விடுமுறை முடியவில்லை, அதனால் முன்பக்கம் தூக்கியது தூக்கியபடியே இருந்தது.

அந்தப் பயணத்தை என் முதுகு இன்னும் மறக்கவில்லை. லாரிப் பட்டை லாரிக்குத்தான். எங்கள் சின்ன வண்டியின் முன்பாகம் அதை அமுக்க முடியாமல் ஒவ்வொரு கல்லுக்கும் எகிறியது. தொட்டில் போய் உரல் வந்த மாதிரி. மேடு வந்தாலும் இடி, பள்ளம் வந்தாலும் இடி, ஒரு சின்னச் சரளைக்கும் அதே இடி. பின்னால் மூட்டைகள் இருந்ததால் முன்சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் போனது. ஸ்டியரிங் இலேசாகிப்போய் வண்டி காற்றாடி மாதிரி இரண்டு பக்கமும் அலைந்தது.

அவர் வழக்கம்போல் பேசிக்கொண்டு வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ரயில் மேட்டைத் தாண்டியதை அவர் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு ஏதோ ஓர் இடி இடித்ததும் "பாலம்" என்று சொல்லி வளைத்தார். பாலம் இன்னும் வரவில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கி, லாலாங் புல்லுக்குள் ஓடி, முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி நின்றது. எதிரில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தென்னை மரம்.

"ஏங்க, எதிர்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ரோடுதான்" என்றார்.

நான் பேசாமல் இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் வண்டி சொல்லும் புள்ள. மேட்டுல ரெண்டு ஆட்டம். பாலத்துக்கு முன்னாடி எடது பக்கம் ஒரு சின்ன இறக்கம். கோயில் முடக்குல தார் ஒட்டுப்போட்ட எடம். ஒவ்வொன்னும் ஒரு மாதிரி ஆட்டும். இப்ப எல்லாம் ஒரே இடியா இடிக்குது. எங்க இருக்கேன்னே புரியல."

"எத்தன நாளா இப்படி?"

"மொளகாத்தூள்னு நெனச்சேன். ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன்." கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "அதுக்கப்பறம் அப்படி நெனக்கல" என்றார்.

இந்த இடத்தில் மனைவி அழுதாள் என்று எழுத வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எத்தனை தடவை இந்தச் சீட்டில் மகளோடு உட்கார்ந்திருக்கிறேன். உஜோங் பாசிர் கடைக்காரரை ஏன் திருப்பி அனுப்பினார் என்பதும், பொழுது சாய்ந்தால் ஏன் வண்டியை எடுப்பதில்லை என்பதும் அப்போது புரிந்தது. தெரிந்த சாலையில், தெரிந்த ஆட்டத்தை நம்பி, கண்ணில்லாமல் ஓட்டியிருக்கிறார். நானும் அதைத் திறமை என்று ரசித்திருக்கிறேன். கோபம் அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. வழியில் போன மலாய்க்காரர்கள் நாலுபேர் வண்டியைத் தள்ளி ஏற்றிக் கொடுத்தார்கள். கடைக்குச் சொல்லியனுப்பி, வண்டி ஓட்ட ஆள் வரவழைத்துத் திரும்பினோம்.

6

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண்ணின் நரம்பு போய்விட்டது என்றார். ஒரு கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறதாம். மற்றதிலும் போனது போனதுதான், இருப்பதும் குறையலாம். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் வண்டியை விட்டிருந்த ஆ செங் பட்டறைக்கு நேரே கூட்டிப்போகச் சொன்னார்.

அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மலாயில் நிதானமாகச் சொன்னார். லாரிப் பட்டையை எடுத்துவிடு, கட்டையை எடுத்துவிடு, முன்பக்கத்தைப் பழையபடி இறக்கு என்றார். ஆ செங் "போலே" என்று ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கும் இறக்கினால் நல்லதுதான். இதற்குள் வண்டியை நான்தான் ஓட்டப் போகிறேன் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். முன்பக்கம் தாழ்ந்தால்தான் எனக்குச் சாலை தெரியும். ஆனால் தாழ்ந்தால் அவருக்கும் தெரியும். கண்ணால் இல்லை, உடம்பால். மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் வண்டி போயிருக்கும். சாவியை ஒளித்து வைக்கலாம் என்று சரோஜா முன்பே சொல்லியிருந்தாள். புருஷனிடம் சாவியை ஒளித்து வைத்து வாழ எனக்குப் பிடிக்கவில்லை.

"எறக்க வேண்டாம்" என்றேன். தமிழில் சொன்னதால் ஆ செங் தலையைத் தூக்கிப் பார்த்தார். "தாக் பாயா" என்று மலாயிலும் சொன்னேன்.

"ஏன்?" என்றார் இவர்.

"எறக்குனா நீங்க ஓட்டுவீங்க."

"ஓட்டத்தான் போறேன். ஓட்டலேன்னா என்ன செய்றது? மில்ல வித்துட்டு கப்பல் ஏற வேண்டியதுதான். ஊர்ல ஒக்காந்துருந்தா எவனும் கேக்க மாட்டான். நம்ம பங்குல வீடு இருக்கு."

"சரோஜா?"

"அவளும்தான்."

"அவ வர மாட்டா. நானும் வரல."

இதைப் படிக்கும் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். உங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி வந்து, கண் தெரியாதவரின் பெண்டாட்டியாக, பங்கு வீட்டின் ஓர் அறையில், யார் சமைத்ததையோ கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க எனக்கு இஷ்டமில்லை. இங்கே எனக்கு ஒரு மில் இருக்கிறது. தும்மலும் கண்ணீருமாக இருந்தாலும் என்னுடையது. சரோஜாவோ குடியுரிமை எழுதிக் கொடுக்க வரிசையில் நிற்கலாம், வாங்க என்று எங்கள் இருவரையும் தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன யார் ஓட்டுறது?" என்றார்.

"நான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒனக்கு ரோடே தெரியாதே, இவ்ளோ உசரத்துல" என்றார். என் உயரத்தையும் வண்டியின் உயரத்தையும் அவர் அளந்து வைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பலகை போட்டு ஒக்காந்துக்கிறேன்."

ஆ செங் ஜாக்கியைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆச்சி, இறக்கவா வேண்டாமா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். இவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். நான் நிற்கிற பக்கம் நீட்டியதாக நினைத்து, கொஞ்சம் தள்ளி நீட்டினார். நான் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டேன்.

7

கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். சீட்டில் மல்லி மூட்டைக்கு அடியில் போடும் பலகையும் அதன்மேல் தலையணையும். பலகை போட்டதும் சாலை தெரிந்தது, ஆனால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. ஆ செங் மிதிகளில் கட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். மேலே நோக்கித் தென்னங்குலைகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த விளக்குகளைக் கீழே திருப்பினார். சுமை ஏற்றும் முறையை நான் மாற்றினேன். மூட்டைகளைப் பின்னால் குவிக்காமல் முன்னறையின் முதுகோடு ஒட்டி அடுக்கினேன். முன்பாரம் ஏறியதும் சக்கரம் சாலையைப் பிடித்தது, வண்டி அலைவது பாதியாகக் குறைந்தது. இடி மட்டும் குறையவில்லை. முதல் மாதமெல்லாம் இடுப்புக்குத் தைலம் தடவிக்கொண்டுதான் படுப்பேன்.

பரீட்சை வைத்தவர் மலாயில்தான் கேட்டார். சாலையில் பிள்ளைகள் விளையாடினால் என்ன செய்வாய் என்றார். மெதுவாகப் போவேன் என்று சொல்ல வேண்டும். அதற்குச் சொல் பெலான். எனக்கு வாயில் பூலாங் என்று வந்துவிட்டது. வீடு திரும்புவேன் என்று ஆகிவிட்டது. "எந்த வீட்டுக்கு, இந்தியாவுக்கா?" என்று அவர் கேட்டு, தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "காஜா பெராங்குக்கு" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவந்ததும், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். முன்பக்கத்தை இறக்கச் சொல் என்றார். ஆனால் தேறிவிட்டேன்.

8

லைசென்ஸ் கிடைத்த பிறகு முதல் நடை பத்து பெரெண்டாமுக்குத்தான். இவர் வருகிறேன் என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் நான் ஓட்டப் பழகும்போது ஒருமுறைகூட ஏறவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கதவைத் தடவித் திறந்து, முன்பு நான் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியதும் எதிரில் இருக்கும் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஓர் இடி இடித்தது. "கோயில் முடக்கு" என்றார். அது வேறு இடம். மறுபடி இடித்தது. "மேடு" என்றார். அதுவும் இல்லை. மூன்றாவது தடவை வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். கை மட்டும் பலகையை விடவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வழி கேட்கிறவள் நான்தான். கப்பல் மேல்தட்டில், ரயிலில், ஜப்பான்காரன் காலத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, எங்கே இருக்கிறோம் என்று நான் கேட்பேன், அவர் ஊர் பெயரைச் சொல்வார். தெரியாத இடமாக இருந்தாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி என்னைத் தூங்க வைப்பார்.

ரொம்ப தூரம் போன பிறகு அவர் கேட்டார்.

"எங்க இருக்கோம், புள்ள?"

"ரயில் மேட்டத் தாண்டிட்டோம். நேர்ரோடு. எடது பக்கம் ரப்பர் தோட்டம், இல விட்டுருக்கு. எதிர்ல ஒரு மலாய்க்காரப் பொண்ணு சைக்கிள்ல வருது. பச்சப் பாவாடை."

"பச்சையா?"

"இளம்பச்ச. பின்னால கூடை கட்டியிருக்கு. கூடையில கோழி."

அவர் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பறம்?" என்றார்.